நடையும் பராக்கும்

தமிழில் ‘பராக்கு’ என்றொரு சொல் உண்டு. பாதையில் கூட வரும் பிள்ளை கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்தங்கினால், ‘என்னடா பராக்குப் பார்க்கிறாய்?’ என்று அதட்டுகிறோம். அங்கே அச்சொல்லுக்குக் கவனமின்மை என்பது பொருள். ஆனால் தெருக்கூத்தில் அரசர் சபைக்குள் நுழைகையில் கட்டியங்காரன் ‘பராக்! பராக்!’ என்று கூவுவானே, அங்கே அதே சொல் ‘கவனம் வையுங்கள்’ என்று பொருள்படுகிறது. அகராதிகள் இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கின்றன. ஒரு சொல் தனக்குத் தானே எதிர்ச்சொல்லாக நிற்கும் இந்த விந்தையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். வயது முதிர்ந்தவர்களின் நடையைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகு, நமக்கு அதில் விந்தை குறைந்துவிட்டது. ஒன்றின்மேல் கவனம் வைக்கும்போது மற்றொன்றின் மீதிருந்து கவனம் எடுக்கப்படுகிறது. இளமையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதுமையில் ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது.

நாம் குடியிருப்பது கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்று. 2021ஆம் ஆண்டு பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளையும் சுற்றியிருந்த பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சியாக்கினார்கள். ஊர் பெரிதாயிற்று, நடைபாதை பெரிதாகவில்லை. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு நம் நடையில் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்துக்குள் மழைநீர் வடிகாலின் மேல் போட்ட சிமெண்டுப் பலகைகள், அவற்றில் ஒன்றிரண்டு ஆடுபவை, கடைக்காரர் வெளியே தள்ளி வைத்த பழத்தட்டு, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி, நடுவே படுத்திருக்கும் நாய், இத்தனையும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதையோ, பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் புகுந்து வெளிவருவதையோ நாம் இங்கே பேசவே இல்லை. உள்தெரு ஒன்றின் கதை இது.

இந்தத் தெருவில் எழுபத்தொன்பது வயதான பெரியவர் ஒருவர் வாழ்கிறார். ஹஜ்ஜை முடித்தவராதலால் தெருவார் எல்லோருக்கும் அவர் ‘ஹாஜியார்’. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலிருந்து ஓடிய மீட்டர்கேஜ் மின்ரயில் 2004இல் நிறுத்தப்பட்டதல்லவா? அதன் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி அசைத்தவர்களில் அவர் ஒருவர். ஏறுகிறவர், இறங்குகிறவர், சைகை விளக்கு, கடிகாரம் என்று ஒரே நேரத்தில் நான்கைக் கவனிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர் என்று சொன்னாலும் தகும்.

ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு நடந்து வரும் அவரிடம் நாம் ஒரு வழக்கத்தைக் கண்டோம். நடந்துகொண்டிருக்கும்போது யாரேனும் பேச்சுக் கொடுத்தால் அவர் நின்றுவிடுவார். ‘மருமகன் ஊரிலிருந்து வந்துவிட்டாரா?’ என்று கேட்டால், நிற்பார். நம் முகத்தைப் பார்த்து, ‘வந்தாச்சு ஹஜ்ரத், அல்ஹம்துலில்லாஹ்’ என்பார். பிறகே அடுத்த அடி. இன்னொரு கேள்வி கேட்டால் இன்னொரு நிறுத்தம். அவர் வீட்டாருக்கு இது சலிப்பைத் தந்தது. ‘அத்தாவைக் கூட்டிக்கொண்டு நடந்தால் எக்ஸ்பிரஸ் வண்டி பாசஞ்சர் ஆகிவிடுகிறது’ என்று அவருடைய மகன் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. சிரிப்புக்குள் ஒரு கவலையும் இருந்தது. தந்தைக்குப் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டதோ என்பது அந்தக் கவலை.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அஸருக்குப் புறப்பட்ட ஹாஜியார் தெருவைக் கடக்கும்போது அவருடைய சட்டைப் பையில் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் மகன். தந்தை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று அறிவதற்காகவே அலுவலகத்திலிருந்து தினமும் அந்த நேரத்தில் அழைப்பது அவர் வழக்கம். ஹாஜியார் தம் இயல்புப்படி நின்றார். நின்ற இடம் நடுத்தெரு. கைபேசியை எடுக்கக் குனிந்தவரை ஓர் ஆட்டோ உரசிப் போயிற்று. அவர் வடிகால் பலகையின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் பத்து நாள் வலி. அவ்வளவில் தப்பினார்.

அன்றிரவே வீட்டில் முடிவாயிற்று. இனி அவர் தனியே வெளியே போகலாகாது, தொழுகை வீட்டிலேயே. மகன் கெட்டவர் அல்லர். தந்தையை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவர். ஆனாலும் அதற்குப் பிறகு சில வாரங்கள் நாம் அஸருக்குப் போகும்போது கண்ட காட்சி நெஞ்சைப் பிசைவதாக இருந்தது. ஹாஜியார் வாசல் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாங்கு முடியும்வரை கேட்பார். பிறகு உள்ளே போய்விடுவார். யாரிடமும் முறையிடவில்லை. வேலையில் இருந்த காலத்திலும் அவர் முறையிடாதவராம்.

இவ்விஷயத்தை நாம் சிந்திக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். நமக்குத் தெரிந்தது அரபும் தமிழும், மருத்துவம் அன்று. எனினும் நம்முடைய பழைய மாணவர் ஒருவர் மருத்துவராக இருக்கிறார். அவர் படிக்கத் தந்த கட்டுரைகளையும் சொன்ன விளக்கங்களையும் கொண்டு விளங்கிக்கொண்டதை வாசக நேயர்களுக்குச் சொல்கிறோம்.

நடை என்பது காலின் வேலை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு கூட்டுத் தொழில். பாதம் தரையின் மேடுபள்ளத்தைச் சொல்ல வேண்டும். கண் எதிரே வருவதைச் சொல்ல வேண்டும். உட்செவியிலுள்ள உறுப்பு தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டும். இச்செய்திகளை வாங்கி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் வேலையை இளமையில் தண்டுவடமும் மூளையின் கீழ்ப்பகுதிகளும் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. நம் சிந்தனைக்கு அதில் அதிகப் பங்கில்லை. ஆகவேதான் இருபது வயதுப் பிள்ளை பேசிக்கொண்டே படியேறுகிறான். வயது ஏற ஏறச் செய்தி கொண்டு வருபவர்கள் ஒவ்வொருவராகத் தளர்கிறார்கள். கண்ணில் புரை விழுகிறது. நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? பல்லாண்டு சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துத் தரையின் செய்தியைப் பாதிதான் சொல்கிறது. அப்போது குறைந்த செய்தியைக் கொண்டு நடையை நடத்த, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி வேலைக்கு இறங்குகிறது. பேசுவதற்கும், நினைவுகூர்வதற்கும், கணக்குப் போடுவதற்கும் வேண்டியதும் அதே பகுதிதான். கைமுதல் ஒன்று, செலவு இரண்டு. பெரியவர் நடந்துகொண்டிருக்கும்போது நாம் கேள்வி கேட்பது, அந்தக் கைமுதலிலிருந்து ஒரு பங்கைப் பிடுங்குவதாகும்.

இதைச் சோதித்துக் காட்டியவர்கள் சுவீடன் நாட்டு உமியோ நகரத்து ஆய்வாளர்கள். லில்லமோர் லுண்டின் ஓல்சன் என்ற அம்மையாரும் அவருடைய துணைவர்கள் இருவரும் 1997ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த 58 பேருடன் கூடவே நடந்து, நடையின் நடுவே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நின்றுவிட்டார்கள். பின்பு ஆறு மாத காலம் அத்தனை பேரையும் கவனித்து வந்தார்கள். நின்ற 12 பேரில் 10 பேர் அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு முறையேனும் விழுந்திருந்தார்கள். கருவி இல்லை, ஊசி இல்லை, செலவில்லை. ஒரு பேச்சு, ஒரு நிறுத்தம். அதற்குள் இவ்வளவு செய்தி இருந்தது.

இங்கே ஒரு சொல் சேர்க்காவிட்டால் படித்தவர்கள் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடும். அந்தக் குடியிருப்பில் விழுந்தவர்கள் மொத்தம் 21 பேர். அவர்களில் 11 பேர் பேச்சுக்கு நிற்காமல் நடந்தவர்கள். எனவே ‘எங்கள் உம்மா பேசிக்கொண்டே நடக்கிறார், பயமில்லை’ என்று யாரும் நிம்மதி கொள்வதற்கில்லை. நிற்பவரைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். நிற்காதவரைக் குறித்தும் வேண்டும். நம் பார்வையில் இன்னொன்றும் உண்டு. நிற்கிறவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் அறிவோடுதான் நிற்கிறார். இரண்டையும் ஒருங்கே செய்ய இயலாது என்று உடல் அறிந்து, ஒன்றை நிறுத்தி மற்றொன்றைச் செய்கிறது. அதைப் புத்தித் தடுமாற்றம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆபத்து அவர் நிற்பதில் இல்லை. நிற்கும் இடத்தை அவர் தேர்ந்துகொள்ள விடாமல் நாம் கேள்வி கேட்பதில் இருக்கிறது. ஹாஜியாரை நடுத்தெருவில் நிறுத்தியது அவருடைய மறதியா? மகனுடைய அன்பு அல்லவா மணியடித்து நிறுத்தியது!

இவ்வளவையும் ஒரு ஜும்ஆவுக்குப் பின் மகனிடம் எடுத்துச் சொன்னோம். அவர் நீண்ட நேரம் பேசாதிருந்தார். ‘அப்படியானால் அத்தா வீட்டிலேயே இருப்பதுதானே நல்லது, ஹஜ்ரத்?’ என்றார். நியாயமான கேள்வி. வீழ்ச்சி சிறு விஷயமன்று. தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்கே என்றும், உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் இவ்வாறு மாண்டுபோகிறார்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் நடையை நிறுத்தினால் தொடைத் தசை சுருங்குகிறது. தசை சுருங்கினால் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் பத்தடியிலேயே விழ நேர்கிறது. விழுவதற்கு அஞ்சி நடையைக் குறைத்து, குறைத்ததனாலேயே விழுந்தவர்கள் ஏராளம் என்பது நம் மாணவரான மருத்துவரின் சொல். மகனுக்கு அதைச் சொன்னோம். அதைவிட, வாசல் இரும்புக் கதவைப் பற்றிச் சொன்னதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறோம். அவர் அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவர், கண்டதில்லை.

மறுநாளிலிருந்து ஓர் ஏற்பாடு செய்தோம். அஸருக்கும் மஃரிபுக்கும் ஹாஜியாரை நாம் உடன் அழைத்துப் போவது. பஜ்ருக்கும் இஷாவுக்கும் மகன். வழியில் பேச்சில்லை. கைபேசி வீட்டிலேயே இருக்கும். வழியில் இரண்டு நிறுத்தங்கள்: தையற்கடைத் திண்ணை ஒன்று, வேப்பமரத்தடிக் கல் ஒன்று. பேச வேண்டியதையெல்லாம் அங்கே உட்கார்ந்து பேசிக்கொள்வது. முதல் நாள் இதை நாம் விவரித்தபோது ஹாஜியார் சொன்னதை மறக்க இயலவில்லை. ‘இத்தனை நாளும் இதைத்தான் ஹஜ்ரத் நான் சொல்லத் தெரியாமல் இருந்தேன். நடக்கும்போது நான் சும்மா இருக்கிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் காலோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.’

பள்ளிவாசலை அடைந்த பிறகும் கவனிக்க வேண்டியவை இருந்தன. இதை நம் சகோதரர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். தொழுகைக்கு விரையும்போதும் ஓடாமல், அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் அறியும். நாம் ஓடாதிருந்தால் போதுமா? பிறரை அமைதியாக நடக்க விடுவதும் அதில் சேராதா? பெரியவர் ஒருவர் வாசற்படியில் ஒற்றைக்காலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். சரியாக அந்த நேரம் பார்த்து நான்கு பேர் நான்கு பக்கமிருந்து ஸலாம் சொல்வார்கள். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அவர் திரும்புவார்; தடுமாறுவார்; தூணைத் தேடுவார். ஸலாம் அழகானது, அவர் இரு பாதமும் தரையில் ஊன்றும்வரை ஒரு மூச்சு நேரம் பொறுத்துச் சொன்னால் அதன் அழகு குறையாது. நாம் செய்தது, வாசலருகே ஒரு நாற்காலி போடச் சொன்னதுதான். முதல் வாரம் அதில் வாலிபர்கள் உட்கார்ந்து கைபேசி பார்த்தார்கள். பிறகு சரியாயிற்று.

வீட்டிலுள்ள தாய்மார்களின் நிலை இன்னும் நுட்பமானது. அவர்கள் நடக்கும் தூரம் குறைவு. ஆனால் வெறுங்கையோடு நடப்பது அரிது. ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம், மறு கையில் பேரப்பிள்ளை. அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து, ‘உம்மா, சாவியை எங்கே வைத்தீர்கள்?’ என்று ஒரு குரல். அவர் சாவியை நினைவில் தேடும்போது கால் வாசற்படியில் தட்டுகிறது. சாவி கேட்பவர் எழுந்து வந்து, உம்மா உட்கார்ந்த பிறகு கேட்டாலென்ன?

பார்த்துச் சரிசெய்ய வேறு சிலவும் உண்டு. இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்காக அமைந்தது. படியிறங்கும்போது அதன் வழியே பார்த்தால் படி மங்கித் தெரியும். தூக்க மாத்திரையும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் எழுந்தவுடன் கிறுகிறுப்பைத் தரும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் கேட்பதே முறை. முதியோர் மருத்துவத்துக்குச் சென்னை அந்நியமான ஊரன்று. 1978ஆம் ஆண்டிலேயே அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி. எஸ். நடராசன். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. தாம்பரத்தில் ரயிலேறினால் அரைமணிக்குள் கிண்டி.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றை மருத்துவர் கற்றுத் தந்தார். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991இல் வகுக்கப்பட்ட முறை இது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்பது இப்போது வழங்கும் ஒரு கணக்கு. பிறகு, கையில் தண்ணீர்க் குவளையைக் கொடுத்து அதையே செய்யச் சொல்லலாம். இரண்டுக்கும் இடையே நேரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சுமையை நடை அவருடைய கவனத்தின் மேல் ஏற்றுகிறது என்று கொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். ஹாஜியாருக்கு வெறுங்கையோடு 14 வினாடி ஆயிற்று. கைக்கடிகாரத்தை நாம் பார்க்கும் முன்பே, ‘பதினாலு’ என்றார் அவர். கார்டு அல்லவா!

கவனத்தைப் பங்கிடும் திறனைப் பயிற்சியால் ஓரளவு மீட்கலாம் என்பதும் உண்மையே. ஜெனீவாவில் 65 வயதைத் தாண்டிய 134 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. பியானோ இசையின் தாளம் மாற மாற நடையையும் கையசைவையும் மாற்றும் பயிற்சியை வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடையே வீழ்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இங்கே பியானோவுக்கு நாம் எங்கே போவோம்! மருத்துவரின் யோசனைப்படி, மகன் தம் வீட்டு மாடியில் சுவரோரமாக நின்று, தந்தை கைப்பிடியைப் பிடித்து நடக்கையில் ரயில் நிலையங்களின் பெயரைக் கேட்கிறார். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று ஹாஜியார் சொல்லிக்கொண்டே நடக்கிறார். தாம்பரத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னால் சானடோரியத்தில் நின்றுவிடுகிறார். சென்ற மாதம் முதல் குரோம்பேட்டைவரை நிற்காமல் போகிறதாம். தெருவில் மட்டும் இந்தப் பயிற்சி கூடாதென்பது மருத்துவரின் கண்டிப்பு.

ஏற்பாடு தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. இடையில் ஒரு முறை, குளியலறையில், அவர் சறுக்கினார். பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. மகனின் கைபேசி அழைப்பு இப்போது நமக்கு வருகிறது, அதுவும் மஃரிபுக்குப் பின்.

மழைக்கால வேலையென்று தெருவின் ஒரு பக்கத்தை இப்போது தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தையற்கடைத் திண்ணைக்குப் போக வழியில்லை. அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறோம். அங்கே உட்கார இடம் இல்லாததால் வேப்பமரத்தடிக் கல் ஒன்றுதான் நிறுத்தம். நேற்று அதில் அமர்ந்து, 1980களில் மீனம்பாக்கத்தில் ஒரு மழையிரவு வண்டி இரண்டு மணி நேரம் நின்ற கதையைத் தொடங்கினார். பாதியில் பாங்கு கேட்டது. ‘மீதியைத் திரும்பும்போது சொல்கிறேன்’ என்று எழுந்து, கைத்தடியை ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நாம் அரை அடி பின்னால், பேசாமல் போனோம்.